விளம்பரம் வந்த பிறகு தேடினால் கிடைக்காத இரண்டு தாள்கள்

உதவிப் பேராசிரியர் பணிக்குப் படிவம் நிரப்புவதும் பணம் கட்டுவதும் ஒரு மாலை வேலைதான். கடலூரிலிருந்து விண்ணப்பித்த எனக்கு ஒரு வருடத்தைத் தின்றவை இரண்டு தாள்கள்.

முதலாவது ஓபிசி சான்று. நம் கையில் இருக்கும் பிசி, எம்பிசி சான்று டிஆர்பிக்கு (தமிழக ஆசிரியர் தேர்வு வாரியம்) போதும். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகமோ ஜிப்மரோ மத்திய அரசு நிறுவனம். அங்கே மத்திய அரசுப் படிவத்தில், 'கிரீமி லேயரில் (ஓபிசியில் சலுகை பெறாத வசதியான பிரிவு) வரமாட்டார்' என்று தாசில்தார் கொடுத்த சான்றுதான் செல்லும். இ-சேவையில் பதிந்துவிட்டுத் தாலுகா அலுவலகம் போனால், என் சம்பளச் சான்றைக் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு எந்த விதியும் இல்லை. பார்க்க வேண்டியது பெற்றோரின் நிலையை. அதிலும் அவர்களுடைய சம்பளமும் விவசாய வருமானமும் ஆண்டுக்கு 8 லட்சம் என்ற வருமான வரம்புக் கணக்கில் சேராது. (அப்பாவோ அம்மாவோ நேரடியாக நியமிக்கப்பட்ட குரூப் ஏ அதிகாரி என்றால் வருமானமே பார்க்க மாட்டார்கள், சலுகை கிடையாது.) 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசுக் குறிப்பாணையில் இது இருக்கிறது. மூன்றாவது நடையில் அதை அச்செடுத்துக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். அன்றுதான் கோப்பு நகர்ந்தது. சான்று எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பதையும் விளம்பரத்தில் பாருங்கள்.

இரண்டாவது, ஃபைவ் பாயிண்ட் சர்டிபிகேட். பிஎச்டி ரெகுலர் முறையில் பெற்றது, வெளித் தேர்வாளர் குறைந்தது இருவர், வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னிலையிலும் நடந்தது, ஆய்விலிருந்து இரண்டு கட்டுரைகள் வெளியானது, இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தது ஆகிய ஐந்தையும் பல்கலைக்கழகப் பதிவாளரோ கல்வி விவகார டீனோ (டீன், அகாடமிக் அஃபேர்ஸ்) சான்றளிக்க வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்தோடு அனுப்பிய என் விண்ணப்பம் அப்படியே கழிந்தது. கருத்தரங்கச் சான்றில் 'கலந்துகொண்டார்' என்று மட்டும் இருந்தால் போதாது, கட்டுரைத் தலைப்பு இருக்க வேண்டும். வைவா முடிந்த வாரமே இதற்கு மனுக் கொடுத்துவிடுங்கள். வழிகாட்டி ஓய்வுபெற்ற பிறகு அலைவது கொடுமை.

அடுத்தது மதிப்பெண். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி, பல்கலைக்கழக நேர்காணலுக்கு ஆள் பிரிக்கும் 100 மதிப்பெண்ணில் பிஎச்டிக்கு 30. கட்டுரைக்கு 2 வீதம் 10 வரைதான்; ஆறாவது கட்டுரை இந்தக் கணக்கில் ஏறாது. ஐந்து கட்டுரை கையில் இருந்தால் அனுபவத்தைத் தேடுங்கள். ஆண்டுக்கு 2 வீதம் அதற்கும் 10 உண்டு. பிஎச்டி செய்த காலம் அனுபவமாகாது. அதனால் பிஎச்டி முடித்தபின் செய்யும் ரிசர்ச் அசோசியேட் என்ற ஆய்வு வேலையைச் சின்னதென்று விடாதீர்கள். 2023 முதல் தொடக்கநிலைக்கே மாதம் 58,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். புதுச்சேரி இந்திரா நகரில் உள்ள விசிஆர்சி (நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்தும் ஆய்வு மையம்) போன்ற இடங்களின் வாக்-இன் அறிவிப்புகள் பெரும்பாலும் அவரவர் இணையதளத்தில்தான் வரும், அவகாசமும் சில நாள்தான். வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அந்த வேலையை விட்டு வரும் அன்றே சேர்ந்த நாள், விலகிய நாள் இரண்டும் தேதியோடு போட்ட அனுபவச் சான்றை வாங்கிவிடுங்கள். 'சுமார் இரண்டு ஆண்டுகள்' என்று எழுதிக் கொடுத்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.