தோஸ்த் வண்டிக்கு எஸ்.எஸ். ரெயில்: வெல்டிங் நீலமும் மயில்துத்தச் சோதனையும்

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து வாடைக்காற்றும் அடித்து ஓய்ந்தாச்சு. தோஸ்த் சரக்கு வண்டிப் பாடியின் மேல் விளிம்பில் போட்ட எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ரெயிலில் ஒரு பழுப்புப் புள்ளிகூட இல்லை. தூத்துக்குடியில், உப்பளத்துக்கும் மீன்பிடித் துறைமுகத்துக்கும் ஓடுகிற வண்டியில் இது சாதாரண விஷயம் இல்லை. அதே வண்டியில் கடையில் ரெடிமேடாக வாங்கி ஒட்டிய வீல் ஆர்ச் பட்டை, திருகு ஓட்டையைச் சுற்றியும் வெட்டிய விளிம்பிலும் துருப் பூத்துக் கிடக்கிறது. அதையும் 304 கிரேடு எஸ்.எஸ். என்று சொல்லித்தான் விற்றார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று தெளிவாகத் தெரிகிறது. அதனால் ரெயில் வேலையை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி அசோக் லேலண்ட் தோஸ்த், ஃபிக்ஸட் சைடு பாடி. டேப் வைத்து அளந்தால் உள்நீளம் 8 அடி 3 அங்குலம், அகலம் 5 அடி 4 அங்குலம். ரெயிலுக்கு 38 மி.மீ. பைப், 1.5 மி.மீ. கனம். தாங்கு கால்களுக்கு 25 மி.மீ. பைப், உயரம் 4 அங்குலம். பக்கத்துக்கு 6 கால், கேபின் பக்கம் 3, டெயில் டோரில் 4, ஆக 19 கால். ஒவ்வொன்றுக்கும் கீழே 40க்கு 90 மி.மீ., 4 மி.மீ. கனத்தில் ஒரு பட்டைத் தகடு, அதில் இரண்டு எம்8 போல்ட். 38 மி.மீ. பைப் 20 அடி நீளத்தில் இரண்டு போதும். ஒன்றில் இரண்டு பக்கமும் வந்துவிடும். இன்னொன்றில் முன்னும் பின்னும் போக ஒன்பதடிக்கு மேல் மிஞ்சும். போல்ட் உட்பட வண்டியில் ஏறுகிற எடை 16 கிலோ சுற்றி.

பைப் வாங்கும்போது காந்தம் எடுத்துக்கொண்டு போவதில் பிரயோஜனம் இல்லை. எஸ்.எஸ். கிரேடுகளில் 202, 304, சந்தையில் ஜே4 என்று ஓடுகிற மலிவுச் சரக்கு, எதிலுமே காந்தம் ஒட்டாது. வித்தியாசம் நிக்கலில்தான். 304-ல் 8 சதவீதத்துக்குக் குறையாது, 202-ல் 4 முதல் 6, ஜே4-ல் 1 சதவீதம் பக்கம். அந்த ஜே4-ல் குரோமியமும் குறைவு. கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களில் ஓடுகிற வண்டிக்கு 202 பரவாயில்லை. கடற்கரையில் அது ஒரு மழைக்காலம் தாங்காது. பைப்பின் மேல் வரியாக அடித்திருக்கும் கிரேடும் ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) பில்லோடு வரும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே எடை போட்டுப் பாருங்கள். வெளிவிட்டத்தில் கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 0.0249-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 38-க்கு 1.5 கனம் என்றால் 20 அடி பைப் 8.3 கிலோ இருக்க வேண்டும். 7 கிலோதான் காட்டுகிறது என்றால் கையில் இருப்பது அதைவிட மெல்லிய 18 கேஜ். ஆர்கான் வெல்டிங் போடும்போது அது பொத்துக்கொள்ளும்.

பைப் 304-ஆக இருந்தாலும் அதே கடையில் வாங்கும் எல்போவும் எண்ட் கேப்பும் பல சமயம் 202-ஆக இருக்கும். வீட்டுப் படிக்கட்டு ரெயிலிங்குக்கு வருகிற சரக்கு அது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பாரிமுனை செம்புதாஸ் தெருவில் எஸ்.எஸ். வகைகள் கிரேடு வாரியாகக் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் எல்போவையே தவிர்த்து, மூலைகளை 45 டிகிரியில் வெட்டிச் சேர்ப்பது நல்லது. நம் ரெயிலில் மூலைகள் அப்படித்தான். ஒரு எல்போ என்றால் இரண்டு ஜாயின்ட், 45 டிகிரி வெட்டு என்றால் ஒன்றே ஒன்று.

வெல்டிங் பற்றி முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஆர்கான் வெல்டிங்தான்: 45 முதல் 50 ஆம்பியர், 1.6 மி.மீ. டங்ஸ்டன் ஊசி, உருக்கிச் சேர்க்க 308எல் ராடு, டார்ச்சில் நிமிடத்துக்கு 8 லிட்டர் ஆர்கான். பைப்பின் இரண்டு முனையையும் டேப் ஒட்டி அடைத்து, ஒரு பக்கம் நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆர்கான் உள்ளே விட்டு, மறுபக்கம் குண்டூசித் துளை விட வேண்டும். கால் உட்காரும் இடத்தில் ரெயில் பைப்பின் அடியில் 3 மி.மீ. துளை கட்டாயம். இல்லாவிட்டால் காலுக்குள் அடைபட்ட காற்று சூடாகி, ஜாயின்ட் மூடுகிற கடைசி நொடியில் உருகின உலோகத்தைத் துப்பிவிடும். எண்ட் கேப்தான் கடைசியாக மூட வேண்டியது. எல்லாக் கால்களும் பைப்பின் ஒரே பக்கத்தில் வருவதால் அந்தப் பக்கம் சுருங்கி, பைப்பின் இரண்டு முனையும் கீழே இழுபடும். அதனால் எல்லாவற்றையும் முதலில் பொட்டு வைத்து (ஓரிரு புள்ளியில் மட்டும் பற்றவைத்து), நடுவிலிருந்து ஆரம்பித்து இடம் வலமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். எஸ்.எஸ். சூட்டைக் கடத்துவது எம்.எஸ். என்கிற சாதாரண இரும்பைப் போல மூன்றில் ஒரு பங்குதான். போட்ட இடத்திலேயே சூடு நிற்கும், நீலம் ஏறுவதும் அதனால்தான்.

இந்த நீலத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஜாயின்டை ஒட்டி நீலம், அதைச் சுற்றி ஊதா, பழுப்பு, வெளி ஓரத்தில் வைக்கோல் மஞ்சள் என்று வளையம் வளையமாக ஒரு நிறம் வருகிறதே, பார்க்க அழகாக இருக்கிறது என்று சிலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அந்த நிறம் குரோமியமும் இரும்பும் சேர்ந்து எரிந்த ஆக்சைடு. அது உருவாகும்போது தனக்கு அடியில் உள்ள மெல்லிய அடுக்கிலிருந்து குரோமியத்தை உறிஞ்சிக்கொள்கிறது. துருப்பிடிக்காமல் காப்பதே குரோமியம்தான், அது அந்த அடுக்கில் குறைந்துபோகிறது. உப்புக் காற்று முதலில் அங்கேதான் கடிக்கும். ரெயில் 304, வெல்டிங் சுத்தம், ஆனாலும் ஜாயின்டைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் என்று பல பேர் குறைபடுவதற்குக் காரணம் இதுதான்.

பஃபிங் (துணி வீலில் மெருகு) போட்டால் நிறம் போய்விடும். ஆனால் நிறத்தை மட்டும் எடுத்தால் போதாது, அடியில் உள்ள குரோமியம் குறைந்த அடுக்கும் போக வேண்டும். அதை எடுப்பதற்கென்றே பிக்ளிங் பேஸ்ட் விற்கிறது. நைட்ரிக் ஆசிட்டும் ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட்டும் கலந்தது, அரை மணி நேரத்தில் வெள்ளை வெளேரென்று ஆக்கிவிடும். ஆனால் ஹைட்ரோஃப்ளோரிக் தோலில் பட்டால் முதலில் வலியே தெரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரைக்கும் போகும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் பக்கத்தில் இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. வீட்டு முற்றத்தில் செய்கிற வேலை இல்லை அது. குளியலறை கழுவுகிற ஆசிட்டைப் பூசலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக், அதில் இருக்கிற குளோரைடு எஸ்.எஸ்.-ஐக் குழி குழியாக அரித்துவிடும்.

இந்த ரெயிலில் பின்பற்றியது தேய்த்து எடுக்கும் முறை. எம்.எஸ். ஒருமுறைகூடத் தொடாத புது ஃபிளாப் டிஸ்க் (எமரி மடிப்பு ஒட்டிய தேய்ப்பு வட்டு) 120 நம்பர், பிறகு 240, பிறகு 400; நம்பர் ஏற ஏறத் தேய்ப்பு நைசாகும். நிறம் மறைந்த பிறகும் ஒரு சுற்று 240-ல் ஓட்ட வேண்டும், அந்தச் சுற்றில்தான் கெட்ட அடுக்கு போகிறது. கால் ரெயிலில் சேரும் உள்வளைவில் டிஸ்க் எட்டாது. அங்கே எமரித் துணியைக் கயிறு மாதிரி முறுக்கி, இரண்டு கையாலும் இழுத்து இழுத்துத் தேய்க்க வேண்டும். ஒரு காலுக்குச் சாதாரணமாகக் கால் மணி நேரம் பிடிக்கும். இதில் அவசரப்பட்டால் துரு வருவது நிச்சயம் அந்த உள்வளைவில்தான்.

தேய்த்து முடித்ததும் சிட்ரிக் ஆசிட். லிட்டருக்கு 100 கிராம், வெந்நீரில். ரெயில் பூராவையும் முக்கி வைக்கத் தொட்டி கிடையாது. பழைய வேட்டித் துணியைக் கரைசலில் நனைத்து ரெயிலில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் ஷீட் மூடி, காயாமல் அரை மணி நேரம். சிட்ரிக் நீலத்தை எடுக்காது என்பதை மனதில் வையுங்கள். மேலே ஒட்டியிருக்கும் இரும்புத் தூளைக் கரைத்து, குரோமியப் படலம் ஒழுங்காகப் பிடிக்க வழி செய்வது மட்டுமே அதன் வேலை. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் கழுவினால் உப்பை நாமே பூசிவிட்ட மாதிரி.

சுத்தமானதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்கு மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்). உரக்கடையில் கிடைப்பதே போதும். 250 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் 4 கிராம் மயில்துத்தம், 1 மில்லி சல்ஃபியூரிக் ஆசிட். ஆசிட்டைத் தண்ணீரில்தான் விட வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல. கையுறையும் கண்ணாடியும் அவசியம். ஏ.எஸ்.டி.எம். என்ற தர நிர்ணய அமைப்பின் ஏ967 தரத்தில் உள்ள சோதனை இது. பஞ்சால் தொட்டு ரெயிலில் தடவி 6 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்தால், இரும்புத் தூள் எங்கே இருக்கிறதோ அங்கே செம்பு படியும். நல்ல இடம் நீல ஈரத்தோடு பளபளவென்றே இருக்கும்.

முதல் சோதனையில் ஜாயின்ட் எல்லாம் சுத்தமாக வந்தது. ஆனால் கேபின் பக்க ரெயிலின் நடுவில், வெல்டிங்கே இல்லாத இடத்தில், கடுகு அளவில் செம்புப் பொட்டுகள் வரிசையாகப் பூத்தன. பட்டறையில் பக்கத்து மேசையில் கேட்டுக்கு எம்.எஸ். ஆங்கிள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொறி பறந்து வந்து சூட்டோடு எஸ்.எஸ். மேல் பதிந்த இடங்கள் அவை. விரலால் தடவினால் ஒன்றும் தெரியாது, வெறும் கண்ணுக்கும் தெரியாது. மழை பட்டால் ஒவ்வொன்றும் ஒரு துருப்புள்ளி ஆகும், எஸ்.எஸ். துருப்பிடித்துவிட்டது என்று பைப்பைக் குறை சொல்வோம். அந்த நீளம் முழுக்க மறுபடி 400, மறுபடி சிட்ரிக், மறுபடி சோதனை. இரண்டாவது தடவை ஒரு பொட்டும் இல்லை. எஸ்.எஸ். வேலைக்குத் தனி மேசை, தனி டிஸ்க், எஸ்.எஸ். கம்பி பிரஷ் என்று சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

அதே கரைசலை ரெடிமேட் ஆர்ச் பட்டையின் வெட்டிய விளிம்பில் தடவிப் பார்த்தேன். விளிம்பு முழுக்கச் செம்புக்கோடு. கிரேடு என்னவாக இருந்தாலும், எம்.எஸ். வெட்டுகிற அதே கத்தரியில் வெட்டி, அப்படியே பாக்கெட் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு உப்பு நிற்காது. பக்கவாட்டுக்குச் சிசல் (கற்றாழை நார்) வீல், பிறகு துணி வீலில் பச்சை மெருகு சோப்பு போட்டுக் கண்ணாடி மாதிரி மிரர். ரெயிலின் மேல்முகத்தில் கயிறு உரசும், மிரர் போட்டால் சீக்கிரமே கீறல் விழுந்து அசிங்கமாகிவிடும். அங்கே நீளவாக்கில் ஹேர்லைன் (மெல்லிய கோடுகளாகத் தேய்த்த மங்கல் ஃபினிஷ்). கேபினுக்குப் பின்னால் வரும் குறுக்கு ரெயிலுக்கும் ஹேர்லைன்தான், வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்காமல் இருக்கும்.

பொருத்துவதில் இரண்டு விஷயம். வெயிலில் எஸ்.எஸ். எம்.எஸ்.-ஐவிட அதிகமாக நீளும். இரண்டரை மீட்டர் ரெயிலில் 40 டிகிரி ஏறினால் எஸ்.எஸ். 1.7 மி.மீ., பாடி 1.2 மி.மீ. அந்த அரை மில்லிமீட்டர் தினமும் போல்ட் ஓட்டையை அரைத்து பெயின்ட்டைக் கழற்றும். அதனால் நடுக்கால் இரண்டில் மட்டும் வட்ட ஓட்டை, மற்றதில் 9க்கு 14 நீள் ஓட்டை. இரண்டாவது, எஸ்.எஸ்.-உம் எம்.எஸ்.-உம் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அரிபடுவது எம்.எஸ்.தான். பாடியில் போட்ட ஒவ்வொரு ஓட்டைக்கும் ஜிங்க் பிரைமர், தகட்டுக்கு அடியில் 2 மி.மீ. ரப்பர், போல்ட்டுக்கு நைலான் புஷ். போல்ட் ஏ2-70 (304 வகை எஸ்.எஸ்.). இறுக்கும்போது மரையில் ஆன்டி சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கும் பசை) தடவி, கை ஸ்பேனரில் மெதுவாக. ஏர் கன் வைத்தால் எஸ்.எஸ். நட்டு பாதியில் ஜாம் ஆகி, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

முன்னால் எஸ்.எஸ். பம்பர் கார்டு போடலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கிராஷ் கார்டு, புல் பார் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அது விதிமீறல். பாதசாரிக்கு அடி பலமாகும், மோதலின் அதிர்ச்சி நேராகச் சேஸிஸுக்குப் போகும். பாடிக்கு மேல் ரெயிலும் வண்டியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. டெயில் லேம்புக்குக் குறுக்கே பட்டை வைத்து வெளிச்சத்தையும் ரிஃப்ளெக்டர் டேப்பையும் மறைக்க வேண்டாம்.

டெயில் டோர் ரெயில் இன்னும் பொட்டு வைத்த நிலையில் நிற்கிறது. கதவு திறந்து தொங்கும்போது ரெயில் பம்பரில் இடிக்காமல் இருக்கக் காலை 4 அங்குலத்திலிருந்து இரண்டரைக்குக் குறைக்க வேண்டும். அதற்குள் கவனம் கீழே கதவுக்கு அடியில் வரும் பட்டைக்குப் போய்விட்டது. டயர் உப்புச் சேற்றை நேராக அடிக்கிற இடம் அது. அங்கே 304 போதாது, 2 சதவீதத்துக்குக் குறையாமல் மாலிப்டினம் உள்ள, 1 மி.மீ. கனத்தில் 316 தகடுதான், ஓட்டை போடாமல் அக்ரிலிக் ஃபோம் டேப்பில் ஒட்டப் போகிறேன். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, கையால் நன்றாக அழுத்தி, 72 மணி நேரம் தண்ணீர் படாமல் வைத்தால்தான் டேப் முழுப் பிடிமானத்துக்கு வரும். மேல் விளிம்பில் டேப் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், கீழ் விளிம்பில் ஒரு சாண் இடைவெளிக்கு ஓர் அங்குலம் விட வேண்டும். அந்தச் சந்து இல்லாவிட்டால் பட்டைக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் தேங்கி, பட்டை பளபளக்கும், கதவின் அடித்தகடு உள்ளுக்குள் பொத்துப்போகும்.