இடி இடித்தால் கணக்குப் போகாது

ஏப்ரல் 3, 2025
காலையிலேயே தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் ஐயாவின் போன். "தம்பி, நேத்துக் கொழுந்துக் கணக்கு கொழும்புக்குப் போகலையாமே." நிறுவைகளைக் கூட்டி மாலை 6.30க்கு அனுப்புவது ஸ்டோர் மூலையில் கிடக்கும் பழைய ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினிப் பெட்டி. போய், அதில் கணக்கை அனுப்பும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, கையால் ஓட்டினேன், சமர்த்தாக ஓடியது. நான் ஓட்டினால் ஓடுகிறது; குறித்த நேரத்துக்கு வேலையைத் தானாகத் தொடங்கும் கிரான் ஓட்டினால் சில நாள் ஓடுவதில்லை.

ஏப்ரல் 4
கட்டளைகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் நம்முடைய பாத் பட்டியல் கிரானுக்குக் கிடைக்காது என்று கட்டளைகளுக்கெல்லாம் முழுப் பாதை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது: அதுதான் காரணமென்றால் தினமும் அல்லவா விழ வேண்டும்? சரி, போகட்டும். ஸ்கிரிப்ட் தொடங்கியதும் நேரத்தோடு ஒரு வரி லாக் என்ற பதிவுக் கோப்பில் எழுதும்படி செய்தேன்.

ஏப்ரல் 8
நான்கு நாள் ஒழுங்காகப் போனது. இன்று நாலரைக்கே மழை இருட்டு. 4.50க்கு இடி, கரண்ட் போனது. திரும்பி வரும்போது இரவு 9. கணக்குப் போகவில்லை. நெட் தரும் பொகவந்தலாவைப் பக்கத்து டவரைத் திட்டிக்கொண்டே படுத்தேன்.

ஏப்ரல் 9
டவரைத் திட்டியது பாவம். லாக்கில் நேற்றைய வரியே இல்லை. ஸ்கிரிப்ட் தொடங்கவே இல்லை. சிஸ்டம் லாக்கைத் திறந்தால், பெட்டி கிளம்பிய நேரம் 16:17. அந்நேரம் நான் பக்கத்திலேயே நிறுவை பதிந்துகொண்டிருந்தேன், பெட்டி அணையவே இல்லை! சில வரி கழித்து நேரம் 21:03க்குத் தாவுகிறது. 18:30 என்ற நிமிடமே அந்தப் பெட்டிக்கு வரவில்லை.

இந்த ராஸ்பெரி பையில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. மணிக்கொரு தடவை நேரத்தைக் கோப்பில் எழுதி வைக்கும்; கரண்ட் வந்ததும் அதைத்தான் நம்பி எழும்பும். ரவுட்டர் மெதுவாக எழும்பி, நெட் வந்த பிறகுதான் சரியான நேரத்துக்குக் குதிக்கும்.

ஆனால் மார்ச் 27 அன்றும் கரண்ட் போனதே, கணக்குப் போனதே? அதற்கும் கிரானின் கையேட்டில் பதில் இருக்கிறது. குதிப்பு மூன்று மணிக்குக் குறைவென்றால், இடையில் தவறிய வேலையை உடனே ஓட்டிவிடும். அதற்கு மேலென்றால் புது நேரத்தை எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். அன்று ஒரு மணி நேரம்தான் கரண்ட் இல்லை.

ஏப்ரல் 11
6.30க்கு ஒரே தடவை என்பதை எடுத்துவிட்டேன். 6.30க்குப் பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும். இன்றையது போகாவிட்டால் அனுப்பும். பெட்டியின் தேதியே பிழையானால் இதுவும் உதவாது. கண்டிக்குப் போகும் நண்பனிடம் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று சொல்லியிருக்கிறேன். யூபிஎஸ் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் யார் மேசையிலோ.

ஏப்ரல் 22
வருடப்பிறப்பு லீவு முடிந்து சில்லு வந்தது, நேற்றுக் காலை பொருத்தினேன். மாலையே சோதனை: ஐந்துக்குப் போன கரண்ட் 8.43க்கு வந்தது. நெட் வருமுன்பே பெட்டியில் சரியான நேரம். 8.50க்குக் கணக்குப் போய்விட்டது.

காலையில் கிளாக்கர் ஐயா போன். தராசுப் பிரிண்டருக்குத் தாள் முடிந்துவிட்டதாம்.