21-ம் நாளா, 28-ம் நாளா?

கல்யாணமாகி இரண்டரை வருடம் கழித்துத்தான், இன்னும் குழந்தை இல்லையே என்று டாக்டரிடம் போனோம். மாதவிலக்கின் 2-ம் நாள், வெறும் வயிற்றில், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., புரோலாக்டின், தைராய்டு என்று ஹார்மோன் டெஸ்ட் எல்லாவற்றுக்கும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். எந்த நாளில் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் அதையும் சேர்த்தே கொடுத்துவிட்டேன். எல்லாம் நார்மல். என்னை ஆட்டிவைத்தது, முட்டை வெளியானபின் ஏறும் ஹார்மோனான புரோஜெஸ்டிரான்தான்.

சீட்டில் "21-ம் நாள்" என்று எழுதியிருந்தது, அதன்படியே போய்க் கொடுத்தேன். ராத்திரி போனில் ரிசல்ட் வந்தது: 0.8. 3-க்கு மேல் இருந்தால்தான் கருமுட்டை வெளிவந்ததாக அர்த்தம் என்று படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லியும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்புறம் நான் போய்ப் பார்த்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே "உனக்கு எத்தனை நாளைக்கு ஒருதடவை வரும்மா?" என்பதுதான். சமையலறை காலண்டரில் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருந்த தேதிகளைப் போனில் படமெடுத்துக் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். விரல்விட்டு எண்ணினார்: 35, 34, 35. முட்டை வெளியாகி ஒரு வாரம் கழித்து, அதாவது அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்னால் எடுக்கவேண்டிய டெஸ்ட் இது, 28 நாளைக்கு ஒருதடவை வருகிறவர்களுக்குத்தான் அது 21-ம் நாளில் விழும், உனக்கு 28-ம் நாள் என்றார். அடுத்த மாதம் அப்படியே எடுத்தோம். 11.4! அந்த ஒரு கேள்வியை முதலிலேயே யாராவது கேட்டிருந்தால் எனக்கு அத்தனை நாள் தூக்கம் போயிருக்காது. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நான்கு மாதம் கழித்து நாள் தள்ளிப்போனது. 37-ம் நாள், கர்ப்பத்தைக் காட்டும் ரத்த டெஸ்டான பீட்டா எச்.சி.ஜி. 112. ஒரு எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, 48 மணி நேரம் கழித்து அதே லேபில் கொடு, எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கணும் என்றார் டாக்டரம்மா. செவ்வாய் காலை எட்டு மணிக்குக் கொடுத்தேன், வியாழன் காலை எட்டு மணிக்கு மறுபடியும் அதே நாற்காலி, முந்தாநாள் குத்திய இடத்தில் நீலம்கூட மாறவில்லை. சாயங்காலம் ரிசல்ட்டைத் திறக்க எனக்குத் தைரியமில்லை, வீட்டுக்காரர்தான் படித்தார். 251. இரண்டு மடங்குக்கும் மேல்!

ஸ்கேனில், கடைசி மாதவிலக்குத் தேதிப்படி 7 வாரம் 1 நாள் இருக்கணும், திரையில் 6 வாரம் 1 நாள் அளவுதான் இருந்தது. ஸ்கேன் எடுத்தவர் மறுபடியும் அளந்தார். "எனக்கு 35 நாளைக்கு ஒருதடவைதான் வரும் மேடம், முட்டையே ஒரு வாரம் பிந்தித்தான் வெளிவரும்" என்றேன். "அப்படின்னா சரியாத்தான் இருக்கு" என்று திரையை என் பக்கம் திருப்பினார். சின்னதாக, படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.