"வேகமா வா!"

இரண்டு சக்கர நாற்காலிகள் மோதிய சத்தத்தில் நான்தான் பதறினேன். மோதியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கூடைப்பந்துப் பயிற்சி. அந்த நாற்காலிகளின் சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று சாய்ந்து நிற்கும். சட்டென்று திரும்ப வசதி, எளிதில் கவிழாது. ஒரு பெண்ணின் கையுறையில் கட்டைவிரல் பக்கம் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது.

"இங்க வந்துட்டுப் போனா ராத்திரி நல்லாத் தூக்கம் வருது" என்றார்.

வீட்டில் எப்போதும் "ஜாக்கிரதை" தானாம். இங்கே "வேகமா வா" என்று திட்டுகிறார்களாம். அதுதான் பிடித்திருக்கிறதாம்!

1948-லேயே இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முதுகுத்தண்டில் காயம்பட்டவர்களுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார் மருத்துவர் லுட்விக் குட்மன். பாராலிம்பிக் முளைத்தது அங்கேதான்.

ஆனால் உலக சுகாதார அமைப்பின் உடலியக்க வழிகாட்டுதலில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பரிந்துரை வந்தது 2020-ல். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம். முடிந்த அளவு செய்தாலும் பலன் உண்டு, மனதுக்கும் சேர்த்து.

சரி, 150 நிமிடம். மைதான வாசலில் மூன்று படி இருந்தால் என்ன செய்வது?

அப்புறம் இன்னொன்று. பிசியோதெரபிக்கு என்றால் கூட்டிப்போக ஆள் கிடைக்கிறது. விளையாட என்றால்தான், "இப்ப அதெல்லாம் எதுக்கு?"