கருவேப்பிலை மரத்தடி கிளாஸ்

பாளையங்கோட்டைல நம்ம ஹாஸ்டல் சமையக்கட்டுக்குப் பின்னாடி, கழனித்தண்ணி ஊத்துற எடத்துல ஒரு கருவேப்பிலை மரம் நின்னுச்சே, நம்ம செட்டுல யாருக்காவது ஞாபகம் இருக்கா? சுவாலஜி சார் பாதிப் பாடத்த அதுக்குக் கீழதான் நடத்துனாவ.

ஒரு தடவ இலை மேல கருப்பும் வெள்ளையுமா குருவி எச்சம் கெடந்துச்சு. "ஏல, தொட்டுப் பாருல"ன்னாவ. எவனும் கிட்ட போகல. சார் ஒரு ஈர்க்குச்சியால லேசா தட்டுனா, எச்சம் நெளியுது! அது எச்சமில்ல, காமன் மார்மன்ங்கிற பட்டாம்பூச்சியோட புழு. பக்கத்து இலைல அதே இனத்துல பெருசு ஒண்ணு, பச்சப்பசேல்னு, தோள்பட்டைல ரெண்டு கண்ணு வரைஞ்சு வச்சிருக்கு, ஆனா நெசத் தல அதுக்குக் கீழ சின்னதா மடங்கிக் கெடக்கு. அதத் தட்டுனதும் தலைக்குப் பின்னாலருந்து செவப்பா, ஈரமா, ரெண்டா பிரிஞ்ச கொம்பு ஒண்ணு வெளிய வந்துச்சு பாருங்க, கூடவே கெட்டுப்போன வெண்ணெ மாதிரி ஒரு நாத்தம், முன் வரிசைல நின்னவன்லாம் ஓடிட்டான்.

அந்தக் கொம்புக்கு ஆஸ்மெட்டீரியம்னு பேரு. ரத்த அழுத்தத்த ஏத்தித்தான் வெளிய தள்ளுது. எறும்பு மாதிரி சின்ன எதிரிக்குத்தான் இந்த நாத்தம், பறவைகிட்ட அவ்வளவா செல்லாது, அதுக்குத்தான் எச்ச வேஷமும் பச்ச நெறமும். சின்னதுல எச்ச வேஷம் போட்ட புழு, புழுவா கடைசித் தடவ தோல உரிச்சதும் ஏன் பச்சையாவுதுன்னு கேட்டதுக்கு, "இம்புட்டுப் பெரிய எச்சம்னா குருவிக்கே சந்தேகம் வரும்ல"ன்னு சிரிச்சாவ. உள்ள நடக்குற சங்கதி 2008லதான் ஜப்பான்காரங்க இதோட சொந்தக்காரப் புழுவ வச்சுச் சொன்னாங்க, புழுவ சின்னப்புள்ளையாவே வச்சிருக்குற ஜூவனைல் ஹார்மோன் கொறைஞ்சா வேஷம் மாறுதாம்.

பட்டாம்பூச்சியானப்புறமும் பொம்பளப் பூச்சிகள்ல சிலது, புழுவா இருக்கையிலயே ஆடுதீண்டாப்பாளைச் செடிய தின்னு உடம்பெல்லாம் விஷம் ஏத்தி வச்சிருக்குற ரோஜா அழகிங்கிற இன்னொரு பட்டாம்பூச்சி மாதிரியே செவப்புப் பொட்டு வச்சுக்கிட்டுப் பறக்கும். ஆம்பளைக்கு அந்த வேஷம் கெடையாது, பாவம்.

சமையல் ஆச்சிக்குத்தான் கோவம். "சார்வாள், புழுவுக்குத் தின்னக் குடுத்துட்டு நான் சாம்பார்ல எதப் போட?"ன்னு கேப்பாவ. சார் பேசாம மறுபக்கத்துக் கொப்ப ஒடிச்சுக் குடுத்துருவாவ.

இங்க சிங்கப்பூர்லயும் அதே பூச்சி தொட்டிச் செடிக்கு வருது. நம்ம ஆளுங்க வீட்டுல வந்துச்சுன்னா மருந்தடிக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைகளக் கூப்பிட்டு ஒருதடவ தட்டிக் காட்டுங்க, ஆனா ஏசி ரூமுக்குள்ள மட்டும் வேண்டாம்.