மெஷின் போட முந்திய ஐந்து நிமிடம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல் கிளினிக் கதிரையில் வந்து அமர்பவர்கள் முதலில் சொல்வது அநேகமாக இதுதான்: "டொக்டர், பல்லை ஒருக்கா கிளீன் பண்ணி விடுங்கோ." அடுத்த கிழமை கல்யாண வீடு இருக்கும், அல்லது கனடாப் பயணம் இருக்கும். பல்லில் கல்லாக இறுகிப் பிடிக்கும் அழுக்குத்தான் காரை. அதை எடுத்தால் பல் வெள்ளையாகும் என்ற நம்பிக்கையோடு வருவார்கள். காரையும் வெற்றிலைக் கறையும் போகும். பல்லின் சொந்த நிறம் மாறாது. இதை முதலே சொல்லாவிட்டால் முடிவில் முகம் கோணும்.

காசு கொடுப்பது, காரையை அதிர்த்து எடுக்கும் மெஷின் ஓடும் இருபது நிமிடத்துக்கு. வேலையின் கனம் இருப்பதோ அதற்கு முந்திய ஐந்து நிமிடத்தில்.

"வருத்தம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார்கள். "என்ன குளிசை போடுறீங்கள்?" என்று கேட்டால் கைப்பையிலிருந்து சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மினும் இரத்தம் கட்டாமல் இருக்கப் போடும் அஸ்பிரினும் வெளியே வரும். கேள்வியை மாற்றிக் கேட்பதே பாதி வேலை. அஸ்பிரினைத் தாமாகவே நிறுத்திவிட்டு வருபவர்களும் உண்டு; காரை எடுப்பதற்கு அதை நிறுத்தத் தேவையில்லை, நிறுத்துவதுதான் ஆபத்து. இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் போடுபவர் என்றால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ரிப்போட்டை, அதுவும் அண்மையில் எடுத்ததைப் பார்க்காமல் கை வைப்பதில்லை. இதயத்தில் செயற்கை வால்வு இருப்பவருக்கு முன்கூட்டியே அன்டிபயோட்டிக் தேவைப்படலாம். இதய வைத்தியரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அடுத்தது பல்லல்ல, கன்னம், நாக்கு, நாக்கின் அடி. நாக்கு நுனியை கோஸ் துணியால் பிடித்து இரு பக்கமும் இழுத்துப் பார்க்க வேண்டும். இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புறக்கோட்டையில் மூட்டை தூக்குபவரிடம் "வெத்திலை போடுவீங்களோ" என்று கேட்டால் போதாது, "எந்தப் பக்கம் அடக்குவீங்கள்" என்றும் கேட்க வேண்டும். அவர் சொல்லும் பக்கத்துக் கன்னத்தை விரித்து லைட் அடித்துப் பார்த்தால் சிலவேளை துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு தெரியும். வாய் முழுதாகத் திறக்கிறதா என்பதற்கு அவருடைய மூன்று விரல்களை மேல் கீழ் முன்பற்களுக்கிடையில் நிமிர்த்தி வைக்கச் சொல்வோம். விரல் போகவில்லை, கன்னத்துக்குள் நார் போலத் தட்டுப்படுகிறது என்றால் அது பாக்கின் வேலை. புகையிலை சேர்க்காவிட்டாலும் வரும். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணும் இதே வரிசைதான். இப்படியானவர்களுக்குக் கடிதம் எழுதி வோட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். கறையை மட்டும் பளிச்சென்று எடுத்து அனுப்பினால் ஆள் சந்தோசமாகப் போவார், திட்டும் அவரோடேயே போகும்.

பிறகு புரோப், முரசின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கம்பி. நுனியில் அரை மில்லிமீற்றர் குண்டு, 3.5இலிருந்து 5.5 மில்லிமீற்றர் வரை கறுப்புப் பட்டை. முரசுக்கும் பல்லுக்கும் இடையில் மெதுவாக இறக்கி, நடத்திக்கொண்டு போக வேண்டும். பட்டை முழுதாக வெளியே தெரிந்தால் நல்லது. பாதி மறைந்தால் கவனம். முழுதாக மறைந்தால் ஒரு தடவைக் கிளீனிங்கில் முடியாது, முரசுக்கு மரப்பு ஊசி போட்டு ஆழமாக எடுக்கவும் எக்ஸ்ரே எடுக்கவும் வேண்டியிருக்கும்.

மெஷின் செக்கனுக்கு ஏறத்தாழ 25,000 தொடக்கம் 30,000 தடவை அதிர்கிறது. பழகாத கை முதலில் செய்யும் பிழை, அழுத்துவது. அழுத்தினால் அதிர்வு குறையும், சூடு ஏறும், பல்லிலும் கீறு விழும். நுனியைக் குத்தாமல் அதன் பக்கவாட்டை இறகு போலத் தடவ வேண்டும், தண்ணீர் புகை போல நுனி வரை வர வேண்டும். தேய்ந்த நுனி இன்னொரு தொல்லை: 2 மில்லிமீற்றர் தேய்ந்தாலே வேலை செய்யும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதை ஈடுகட்டத்தான் கை தானாக அழுத்துகிறது.

காரை கூடப் பிடிக்கும் இடங்கள் இரண்டு: கீழ் முன்பற்களின் உள்பக்கம், மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம். உமிழ்நீர்க் குழாய்கள் திறப்பது அங்கேதான். ஈரத்தில் அது பல்லோடு பல்லாகத் தெரியும். காற்றடித்துக் காயவைத்தால் சுண்ணாம்பு போல வெளுத்துக் காட்டிக்கொடுக்கும். முரசுக்கு அடியில் இருப்பது வேறு ரகம். கறுப்பு, கல் மாதிரி, புரோப்பில் நெருடும்.

"கிளீன் பண்ணின பிறகு பல் ஆடுது, இடைவெளி விழுந்திட்டுது." இந்த முறைப்பாடு கட்டாயம் வரும். காரை பற்களைச் சீமெந்து போலப் பிடித்து வைத்திருந்தது, பல்லைத் தாங்கும் எலும்பு முதலே கரைந்துவிட்டது. தொடங்க முன் கையில் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினால் விளக்கம். முடிந்த பிறகு சொன்னால் சாட்டு.

இரண்டு மூன்று நாள் பல் கூசும். குளோர்ஹெக்சிடின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தால் 10 மில்லிலீற்றர், ஒரு நிமிடம், பற்பசை போட்டு அரை மணித்தியாலம் கழித்து. அதற்கு மேலே பிளேன்டீ குடித்தால் புதுக் கறை பிடிக்கும். இந்த மருந்து இரண்டு கிழமைக்கு மேல் வேண்டாம்.

ஆறு மாதக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றல்ல. சீனி வருத்தக்காரரும் புகைப்பவரும் மூன்று மாதத்தில் வரட்டும். முரசில் இரத்தமே வராத இளம் ஆளுக்கு ஒரு வருடம் போகலாம். வெற்றிலை போடுபவருக்குப் பல் எப்படியிருந்தாலும் திகதி கிட்டவாகத்தான் கொடுக்க வேண்டும். அட்டையில் அடக்கும் பக்கத்தையும் எழுதிவிடுவது நல்லது.