160 மீற்றர்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பில், எங்கட வீட்டுப் படியிலிருந்து கடல் 160 மீற்றர். நானே நாலு தரம் அளந்தேன். இரண்டு தரம் நாடாவால், இரண்டு தரம் கயிற்றால்.

2004 சுனாமி அடித்து அடுத்த மாதங்களில் கரையோரத்தில் கட்டத் தடை போட்டார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200. எங்கட கரை தாழ்வாம். தாழ்வுதான், மறுக்கவில்லை. ஆனால் தெற்கே அம்பாந்தோட்டையில் அலை அள்ளிப்போன இடமும் களப்புக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்தானே?

தடைக்கு வெளியே முழுதாக உடைந்த வீட்டுக்கு 250,000 ரூபா, நாலு தவணையில். உள்ளே என்றால் அது இல்லை; யாராவது ஒரு நிறுவனம் வேறு காணியில் கட்டித் தரும்வரை கொட்டில்தான். ஆளுக்கு வாரம் 375 ரூபா நிவாரணம், 200 காசாகவும் மிச்சம் சாமானாகவும், எல்லாருக்கும் ஒன்றுதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

படிவத்தில் முதல் கோடே 'குடும்பத் தலைவர்'. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனம். காணி உறுதி அம்மாவின் பேரில். கிளாக்கர் அப்பாவின் பேரை எழுதச் சொன்னார். "வீடு என்ட, தம்பி" என்று அம்மா மேசையை விட்டு அசையவில்லை. அதிலேயே ஒரு மாதம் போனது.

மே மாதம் கடிதம் வந்தது, முழுக்கச் சிங்களத்தில். 1987இலிருந்து தமிழும் அரசகரும மொழி! காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருவர்தான் வாசித்துச் சொன்னார்: வீடு தடைக்குள், காசு இல்லை, ஆட்சேபம் இருந்தால் 14 நாளுக்குள் எழுதுங்கள். கடிதம் கைக்கு வந்ததே பதினாறாம் நாள். தமிழ்ப் பிரதி வேண்டுமென்று அன்றைக்கே எழுதிக் கொடுத்து, அது கிடைக்கும் நாளிலிருந்து எண்ணச் சொல்லியிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இதைப் பிறகுதான் சொல்லித் தந்தார். நீங்கள் யாரும் அந்தப் பிழையை விடாதீர்கள்.

கட்டாரில் என்னோடு மேசன் வேலை செய்த, தெற்கே காலி ஊர்ப் பொடியன் ஒருவன் போன் எடுத்தான். அவன் அண்ணன் வீடு கடலுக்கு 120 மீற்றர். முதல் தவணை எடுத்து அத்திவாரமும் போட்டாயிற்று. என்ட கணக்கைச் சொன்னதும், "அடிக்கணக்கில அளந்திட்டியோ?" என்றான். கிண்டல் இல்லை, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான்.

ஜூனில் அரசும் புலிகளும், சுனாமி உதவியைச் சேர்ந்து பகிர்வதற்கான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தார்கள். இனி எல்லாம் நேராக வரும் என்று தேத்தண்ணிக் கடையில் ஒரே கதை. ஜூலையில் உயர் நீதிமன்றம் முக்கியமான பகுதிகளை இடைநிறுத்தியது. கதையும் நின்றது.

ஜனாதிபதித் தேர்தல் முடிந்தபிறகு தடை எல்லையைக் குறைத்தார்கள். அதே 160 மீற்றர், இப்போது வெளியே! ஆனால் பட்டியலில் 'உள்ளே' என்று கிடந்த எங்கட பேரை மாற்ற ஜீ.எஸ்ஸிடம் (கிராம சேவகரிடம்) ஏழு தரம், பிரதேச செயலகத்துக்கு எத்தனை தரமென்று நினைவில்லை. முதல் தவணை வந்தபோது 2006 பாதி. யுத்தமும் வந்தது. சீமெந்து விலை ஏற, 250,000 அப்படியே நின்றது. கூரைக்கு அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. 2007 ஆவணியில் பால் காய்ச்சினோம்.

காலிப் பொடியன் 2010இல் குடும்பத்தோடு வந்தான். அம்மா சோறு போட்டுவைத்துக் கூப்பிடக் கூப்பிட, படியிலிருந்து கடல்வரை காலால் எண்ணிக்கொண்டு நடந்தான்.